ஏப்ரலுக்கு மட்டும் வருகிற ஓவியர்கள்

மார்ச் கடைசியில் போன் வரும். "அண்ணே, பதினாலாம் தேதிக்குள்ள ஆறடிக்கு நாலடியில அம்பேத்கர் படம் ஒண்ணு வேணும்" என்று தம்பிகள் கேட்பார்கள். அது நம்ம வேலை. காசு வாங்காமலும் செய்திருக்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை. நான் சொல்ல வந்தது இன்னொரு போனைப் பற்றி.

நகரத்தில் ஏ.சி. போட்ட ஒரு கேலரி. வருஷம் முழுக்க அங்கே கண்காட்சி நடக்கும். எங்களுக்கு மட்டும் ஏப்ரலில் பத்து நாள். 'தலித் ஓவியர்கள்' என்று பேனர் கட்டுவார்கள். ஒரு பேராசிரியர் வந்து குத்துவிளக்கு ஏற்றுவார். இரண்டு முறை நானும் போய்ப் படம் மாட்டினேன். போன வருஷம் படங்களைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "ஜூலையில எனக்கு ஒரு தனிக்கண்காட்சி தர முடியுங்களா?" என்று கேட்டேன். அங்கே பொறுப்பிலிருந்த அம்மாள் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல், "ஜூலையில என்ன விசேஷம்?" என்றார்.

இந்த வருஷம் போகக்கூடாது என்று நான் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். நாலு பேருக்குக் கோபம் வந்துவிட்டது. "போகாம? வேற எவன் நமக்குச் செவுரு கொடுப்பான்? கெடைக்கிறதையும் விட்டுட்டு நிக்கச் சொல்றியா?" நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் தத்துவம் கிடையாது, ஒரு வரலாறு இருக்கிறது. நியூயார்க்கில் கறுப்பின ஓவியர்கள் தாங்களே நடத்திய ஒரு சின்னக் கேலரியின் வரலாறு. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரைக் கறுப்புப் பேந்தர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1946இல் பாபாசாகேப், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டு டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்களிடம் பாடம் கேட்பது நமக்குப் புதுசில்லை.

முதலில் பெரிய கட்டடத்திலிருந்து தொடங்குவோம்.

1969 ஜனவரி 18. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 'ஹார்லெம் ஆன் மை மைண்ட்' என்றொரு கண்காட்சியைத் திறந்தது. ஹார்லெம் கறுப்பர்களின் தலைநகரம். அதைப் பற்றிய கண்காட்சி, உலகத்தின் மிகப்பெரிய ஓவியச் சேமிப்புகளில் ஒன்றை வைத்திருக்கிற இடத்தில். உள்ளே என்ன இருந்தது? புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள், செய்தித்தாள் பிரதிகள். ஹார்லெமில் வாழ்ந்து வரைந்த ஓவியர் ஒருத்தருடைய ஓவியமும் இல்லை, ஒரு சிற்பமும் இல்லை. கறுப்பன் பார்க்கப்படுகிற பொருளாக உள்ளே போகலாம். பார்க்கிறவனாக, வரைகிறவனாகப் போக முடியாது. நம்மூர் மொழியில் சொன்னால் பறையைப் பற்றி ஆராய்ச்சி மாநாடு போட்டுவிட்டு, அடிக்கிறவனை வாசலிலேயே நிறுத்திய கதை.

பென்னி ஆண்ட்ரூஸ், கிளிஃப் ஜோசஃப் முதலானவர்கள் 'கறுப்பு அவசரகாலப் பண்பாட்டுக் கூட்டணி'யை அமைத்து, அட்டைகளைத் தூக்கிக்கொண்டு மியூசிய வாசலில் மறியல் செய்தார்கள். மறியலில் நின்றவர்களில் ஒருவர் நார்மன் லூயிஸ். அப்போது அவருக்கு 59 வயது. 1955இல் பிட்ஸ்பர்க் கார்னகி சர்வதேசக் கண்காட்சியில் பார்வையாளர் பரிசு வாங்கியவர். நியூயார்க்கின் அரூப ஓவியர்கள் 1950இல் கூடி விவாதித்தபோது அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஒரே கறுப்பர். மேசையில் இடம் கிடைத்தது, சந்தையில் கிடைக்கவில்லை. கூட உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். இவர் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.

இதற்கு முன்னால் அவர்களுக்குக் கண்காட்சிகளே இல்லையா? இருந்தன, வருஷாவருஷம் இருந்தன. ஹார்மன் அறக்கட்டளை என்று ஒரு வெள்ளைப் பணக்காரரின் அமைப்பு. 1926 முதல் பரிசு கொடுத்தது, 1928 முதல் 'நீக்ரோ கலைஞர்கள்' என்று கண்காட்சி போட்டது. நல்ல எண்ணத்தோடுதான் போட்டார்கள். ஆனால் 1934இல் ரோமரே பியர்டன் என்ற 23 வயது இளைஞர் 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழில் அதைக் கிழித்தெறிந்து எழுதினார். நீக்ரோ வரைந்தது என்பதற்காகவே தட்டிக்கொடுக்கிறார்கள், தரமாக விமர்சிப்பதில்லை, இது கலைஞனை வளரவிடாது என்பது அவர் வாதம். இரக்கமும் ஒருவகை ஒதுக்கல்தான் என்று அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சொந்த முயற்சிகளும் இருந்தன. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஹேல் வுட்ரஃப் 1942இல் ஒரு வருடாந்திரக் கண்காட்சியைத் தொடங்கினார். நாடெங்கும் உள்ள கறுப்பு ஓவியர்கள் படம் அனுப்பினார்கள். பரிசு பெற்ற படத்தைப் பல்கலைக்கழகமே வாங்கிக்கொண்டது. 1970 வரை நடந்தது. சிற்பி அகஸ்டா சாவேஜ் 1939இல் ஹார்லெமில் சொந்தமாக ஒரு கேலரி திறந்தார். பணமில்லாமல் கொஞ்ச காலத்திலேயே மூடவேண்டியதாயிற்று. திறப்பதைவிட அடுத்த மாத வாடகை கட்டுவதுதான் கஷ்டம் என்பதை அவர் கதை சொல்கிறது.

1963 ஜூலை 5. வாஷிங்டன் பேரணிக்கு இன்னும் எட்டு வாரம்கூட இல்லை. கேனல் தெருவில் பியர்டனின் ஸ்டூடியோவில் சில கறுப்பு ஓவியர்கள் கூடினார்கள். பேரணிக்கு எப்படிப் போவது என்று பேசத்தான் கூடினார்கள். பேச்சு அதோடு நிற்கவில்லை. போராட்டத்தில் ஓவியனுக்கு என்ன வேலை? 'கறுப்பு ஓவியம்' என்று ஒன்று உண்டா, அல்லது கறுப்பர் வரைகிற ஓவியம் மட்டும்தானா? லூயிஸ் கறார். வரைவது வேறு, மறியல் வேறு; மறியலை மறியலாகச் செய், அதைக் கான்வாஸில் ஏற்றினால் சமூகம் மாறிவிடும் என்று நம்பாதே என்பார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நம் கூட்டங்களில் இன்றைக்கும் நடக்கிற அதே சண்டை.

குழுவுக்கு 'ஸ்பைரல்' என்று பெயர் வைத்தவர் வுட்ரஃப். சுருள் எல்லாப் பக்கமும் விரிந்துகொண்டே மேலே போகும் என்பது பொருள். மொத்தம் பதினைந்து பேர். கிரீனிச் வில்லேஜில் கிறிஸ்டோபர் தெருவில் இடம் வாடகைக்குப் பிடித்தார்கள். கண்காட்சிக்கு 'மிசிசிப்பி 1964' என்று தலைப்பு வைக்கலாம் என்று பேச்சு வந்தது. மிசிசிப்பியில் ஆட்களைக் கொன்று மண்ணணையில் புதைத்த வருஷம் அது. பிணத்தின்மேல் நின்று பெயர் வாங்குகிற மாதிரி ஆகிவிடும் என்று அதை ஒதுக்கினார்கள். கடைசியில் 'கறுப்பும் வெள்ளையும்' என்பதையே விதியாக வைத்தார்கள். அந்த இரண்டு நிறத்துக்குள் அவரவர் இஷ்டப்படி வரையலாம். 1965 மே 14இல் திறந்தார்கள், ஜூன் 5இல் முடித்தார்கள். 'முதல் குழுக்காட்சி' என்று பெயர் போட்டிருந்தார்கள். இரண்டாவது காட்சி நடக்கவே இல்லை. அந்த வருஷமே இடம் கைவிட்டுப் போயிற்று, குழுவும் கலைந்தது.

ஆனால் அந்தப் பேச்சு வீணாகவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு படம் செய்வோம் என்று பியர்டன் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய துண்டுகளைக் கொண்டுவந்தார். யாரும் ஆர்வம் காட்டாததால் தனியாகவே ஒட்டினார். அவரை உலகறியச் செய்த ஒட்டுப்படங்கள் அங்கேதான் பிறந்தன. அப்போது அவர் நியூயார்க் நகர நலத்துறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியும் விடுமுறையிலும் வரைந்தவர்.

1969இன் கடைசியில் அதே பியர்டனும் லூயிஸும் எர்னஸ்ட் கிரிக்லோவும் சேர்ந்து ஒரு கேலரி திறந்தார்கள். கிரிக்லோ, கு க்ளக்ஸ் க்ளான் முகமூடிக்காரன் ஒருவன் கறுப்புப் பெண்ணின் அறைக்குள் புகுந்து அவளை இழுக்கிற காட்சியை 1938லேயே கல்லச்சில் போட்டவர். மூன்று பேருக்கும் முறையே 58, 60, 55 வயது. தங்கள் படத்தை மாட்டுவதற்கு இந்த இடம் இல்லை, வருகிற பிள்ளைகளுக்குத்தான் என்று முடிவு செய்தார்கள். முதலில் முப்பது வயதுக்குட்பட்ட சிறுபான்மை ஓவியர்களுக்கு. நாடகக்காரர் ஜோசஃப் பேப், லஃபாயெட் தெருவில் பழைய நூலகக் கட்டடம் ஒன்றை 'பப்ளிக் தியேட்டர்' ஆக்கியிருந்தார். அந்தக் கட்டடத்தில்தான் முதல் இடம் கிடைத்தது.

பெயர்: சிங்கே கேலரி. சிங்கே யார்? சியரா லியோனின் மெண்டே இனத்துக்காரர். சொந்தப் பெயர் செங்பே பியே. பிடித்து விற்கப்பட்டு, 1839இல் 'அமிஸ்டாட்' கப்பலில் ஏற்றப்பட்ட 53 பேரில் ஒருவர். கியூபாக் கரையருகே ஒரு ராத்திரி சங்கிலியை அவிழ்த்து, கலகம் செய்து கப்பலைப் பிடித்தார். பிறகு அமெரிக்காவில் சிறை, வழக்கு. 1841இல் உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. உயிரோடிருந்தவர்கள் 1842இல் ஊர் திரும்பினார்கள். வுட்ரஃப் இந்தக் கதையை 1939இல் டல்லடேகா கல்லூரிச் சுவரில் பெரிதாக வரைந்தார். கேலரிக்கு இந்தப் பெயர் என்றால், இது கைதட்டல் வாங்குகிற இடமில்லை, கப்பலைக் கைப்பற்றுகிற இடம் என்று பொருள்.

முதல் கண்காட்சி 22 வயது மால்கம் பெய்லிக்கு. அடிமைக் கப்பலின் அடித்தளத்தில் ஆட்களை மீன் மாதிரி அடுக்கியிருக்கிற பழைய வரைபடத்தை நம்மில் பலர் புத்தகத்தில் பார்த்திருப்போம். பெய்லி அந்த வரைபடத்தையே எடுத்துக்கொண்டார். ஆனால் ஒருபக்கம் கறுப்பு உருவங்கள், மறுபக்கம் வெள்ளை உருவங்கள். 'தனித்தனி, ஆனால் சமம்' என்று தலைப்பு. அமெரிக்க நீதிமன்றங்கள் இனப்பிரிவினைக்குக் கொடுத்த சட்டச் சொல் அது. அந்த வரிசைப் படங்களில் ஒன்று இன்றைக்கு நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் இருக்கிறது.

இங்கேதான் பருவக் கணக்கு வருகிறது. நியூயார்க்கில் ஓவியத்துக்கு ஒரு பருவம் உண்டு. செப்டம்பரில் தொடங்கி மே, ஜூனில் முடியும். கோடையில் பணக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், கேலரிகள் காற்று வாங்கும். எந்த மாதத்தில் யாருக்கு இடம் என்பதில் ஒரு படிநிலை இருக்கிறது. கோயில் திருவிழாவில் எந்த நாள் யார் மண்டகப்படி என்பது மாதிரி.

இதை அந்த ஓவியர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். விட்னி மியூசியத்தோடு பேச்சுவார்த்தை நடத்திய பண்பாட்டுக் கூட்டணி இரண்டு விஷயத்தை அழுத்திக் கேட்டது: கறுப்பின நிபுணர்களைச் சேர்த்துக்கொண்டு படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கண்காட்சியைப் பருவத்தின் மதிப்புள்ள நாட்களில் வைக்க வேண்டும். சுவர் மட்டும் போதாது, நாளும் வேண்டும் என்ற கோரிக்கை இது. மியூசியம் இரண்டையும் காப்பாற்றவில்லை என்று சொல்லிக் கூட்டணி புறக்கணிப்புக்கு அழைத்தது. 1971 ஏப்ரலில் விட்னி கண்காட்சியைத் திறந்தபோது, அழைக்கப்பட்ட 75 பேரில் 15 பேர் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதே சமயம் கிரீனிச் வில்லேஜில் நைஜல் ஜாக்சன் என்ற ஓவியர் நடத்திய 'ஆக்ட்ஸ் ஆஃப் ஆர்ட்' என்ற சின்னக் கேலரியில் மறுப்புக் கண்காட்சி திறந்தது. மறுப்பதற்கு அவர்களிடம் ஒரு இடம் இருந்தது. அதனால்தான் மறுப்பு வெறும் அறிக்கையாக நின்றுபோகவில்லை.

சிங்கே செய்தது இதையே அமைதியாக, வருஷக்கணக்காக. ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று வரிசையாகக் கண்காட்சிகள். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஒரு மியூசியம் படம் வாங்குமுன், "எங்கெல்லாம் காட்சி வைத்திருக்கிறாய்?" என்று கேட்கும். காட்சி வைக்கக் கேலரி வேண்டும். கேலரிக்காரன், "இதற்கு முன்னால் எங்கே வைத்தாய்?" என்பான். முதல் வரியே எழுத முடியாதவன் கடைசி வரை வெளியேதான். சிங்கே அந்த முதல் வரியை எழுதிக்கொடுத்தது. திறப்புநாள் அழைப்பட்டையில் ஒரு பெயர், ஒரு தேதி. விழாவுக்கு வருகிற கூட்டம் வேறு, சாதாரணப் புதன்கிழமை மத்தியானம் ஒருத்தன் தனியாக வந்து ஒரே படத்தின் முன்னால் கால்மணிநேரம் நிற்பது வேறு. இரண்டாவதுதான் ஓவியனுக்குச் சோறு. ஏப்ரல் பத்து நாளில் எனக்கு அது வாய்த்ததே இல்லை. எல்லோரும் மாலை போட வந்தவர்கள்.

வயது வரம்பையும் போகப்போகத் தளர்த்தினார்கள். நடுவயசிலும் முதுமையிலும் காட்சியே கிடைக்காத ஓவியர்கள் இருந்தார்களே! இடம் பலமுறை மாறியது. லூயிஸ் 1979இல் இறந்தார், பியர்டன் 1988இல். கேலரி நிற்கவில்லை. பல வருஷம் நிர்வாகத்தைச் சுமந்தவர் ரூத் ஜெட் என்ற பெண். நிறுவியவர்கள் என்று மூன்று ஆண்களின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். 2004இல் மூடும்போது ஏறத்தாழ 450 ஓவியர்களின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வந்திருந்தன. முப்பத்தைந்து வருஷம். ஸ்பைரலுக்கு ஒரே ஒரு காட்சி, சிங்கேவுக்கு முப்பத்தைந்து வருஷம். முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

குறையைச் சொல்லாமல் விட்டால் இது வரலாறாகாது, துதிபாடலாகும். ஸ்பைரலின் பதினைந்து பேரில் ஒரே ஒரு பெண், எம்மா ஏமோஸ். இருந்தவர்களிலேயே இளையவர். ஃபெய்த் ரிங்கோல்டுக்கு அங்கே இடமில்லை. ரிங்கோல்டும் கே பிரவுனும் டிண்ட்கா மெக்கனனும் சேர்ந்து 1971இல் 'வேர் வி அட்' என்ற கறுப்புப் பெண் ஓவியர் குழுவைக் கட்டினார்கள். அவர்களின் முதல் காட்சியும் அதே 'ஆக்ட்ஸ் ஆஃப் ஆர்ட்'டில்தான் நடந்தது. ஒடுக்கப்பட்டவனின் அறைக்குள்ளும் ஒரு ஏப்ரல் உண்டு, அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் ஆறு பேரிலும் ஒரே ஒரு பெண் என்பதை இதை எழுதும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

இன்னொரு கேள்வி. நமக்கென்று ஒரு மாதம் இருப்பதே தப்பா? இல்லை. 1926இல் கார்ட்டர் வுட்சன் 'நீக்ரோ வரலாற்று வாரம்' தொடங்கியபோது பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தவர் அவரேதான். லிங்கன், ஃபிரெடரிக் டக்ளஸ் பிறந்தநாட்களைக் கறுப்பர்கள் ஏற்கெனவே கொண்டாடிய மாதம் அது. 1976இல் அது முழு மாதமாயிற்று. மக்கள் எடுத்துக்கொண்ட நாளைப் பிறகு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. பிப்ரவரியில் கூப்பிடுவார்கள், மார்ச்சில் போனை எடுக்கமாட்டார்கள். ஏப்ரல் 14ம் அப்படித்தான். சேரியில் அது நம்முடைய நாள். ஏ.சி. கேலரியில் அது நமக்கு அளந்து ஊற்றுகிற தண்ணீர். கையேந்தியவன் வாயில் எட்டியிருந்து ஊற்றிய தண்ணீரை நம் பாட்டன்மார் குடித்தார்கள். குடித்ததற்காக அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். தாகம் அப்படி. ஆனால் மகாடில் பாபாசாகேப் குளத்தில் இறங்கித்தான் குடித்தார்.

மெட்ரோபாலிட்டன் 2024இல் ஹார்லெம் மறுமலர்ச்சி பற்றிப் பெரிய கண்காட்சி நடத்தியது. இந்த முறை ஓவியங்களும் சிற்பங்களும் இருந்தன. வாசலில் நின்று கத்தியதிலிருந்து 55 வருஷம். திறந்த மாதம் பிப்ரவரி. 2021இல் நியூயார்க் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக், சிங்கே ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. அது மே மாதம் தொடங்கி ஜூலை வரை நடந்தது. பெரிய கட்டடம் திருந்துகிறவரை காத்திருந்திருந்தால் 450 பேரில் பாதிப் பேர் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

நண்பர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். "கதை நல்லாத்தான் இருக்கு, வாடகை?" என்றான் ஒருத்தன். சிங்கேகாரர்களுக்கு ஒரு ஜோசஃப் பேப் கிடைத்தார், எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல்கடை இருந்த ஓர் அறை காலியாக இருக்கிறது. பத்தடிக்குப் பதினாறடி. வீட்டுக்காரர் நம்ம ஆள். ஆறு பேரும் மாதம் பங்கு போட்டால் கட்டலாம். வருஷத்துக்கு நாலு கண்காட்சி. முதலாவது, எங்களோடு இருக்கிற அந்தப் பெண்ணின் படங்கள். குத்துவிளக்கு கிடையாது. ஏப்ரலில் அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பேனர் எழுதிக்கொடுப்போம். ஏ.சி. கேலரிக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம், தடுக்கமாட்டோம். இரண்டு பேர் போகத்தான் போகிறார்கள். அவர்கள் படமும் எங்கள் அறைக்கு வரும்.

முதல் கண்காட்சியை ஜூலையில் வைத்திருக்கிறோம். அந்த அம்மாளுக்கும் அழைப்பு அனுப்புவோம். ஜூலையில் என்ன விசேஷம் என்று மறுபடி கேட்டால் சொல்வதற்கு இப்போது பதில் இருக்கிறது. பியர்டன் ஸ்டூடியோவில் ஓவியர்கள் கூடியது ஜூலையில். கியூபாக் கரையில் சிங்கே சங்கிலியை அவிழ்த்ததும் ஒரு ஜூலை ராத்திரிதான்.